வரிசையும் பயனும்: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியின் தற்காப்புப் பயிற்சிச் சொற்கள், தாய்ச்சி மரபோடு ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தனியாக நின்று பழகும் அசைவுத் தொடருக்கும், எதிராளி ஒருவன்மேல் அது செயற்படும் முறைக்கும் உள்ள உறவே தற்காப்புக் கலைகள் அனைத்திலும் அடிப்படைச் சிக்கலாக உள்ளது. சீனத்துத் தாய்ச்சி மரபு இவ்வுறவை எழுத்தில் விரிவாகப் பதிவு செய்துள்ளது. தமிழ்ச் சிலம்பம், குத்துவரிசை ஆகியவற்றில் அது சொற்களிலும் ஆசானின் கையசைவிலும் மட்டுமே தங்கியுள்ளது. தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்றும் வழங்கும் ஓசூர் – கிருஷ்ணகிரிப் பகுதியை நிலைக்களனாகக் கொண்டு, இச்சொற்களின் பொருட்பரப்பையும், அவற்றை ஆவணப்படுத்தத் தொல்காப்பியச் செய்யுளியல் தரும் கருவியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வரிசை, வரசெ, சாமு, கரடிக்கூடம், சிலம்பம், குத்துவரிசை, தாய்ச்சி, நடுகல், கேட்போர், பயன்.

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் மேற்கெல்லையில் உள்ள ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டையும் ஊர்தி, கடிகாரத் தொழிற்சாலைகளும் வளர்ந்ததால் கடந்த அரை நூற்றாண்டில் உருமாறிய நகரம். 2019இல் அது மாநகராட்சியானது. ஊர்மக்களின் மும்மொழி வழக்கோடு, வேலை தேடி வந்தோரின் மொழிகளும் இங்குக் கலந்து ஒலிக்கின்றன. இரவுப் பணி முடிந்து திரும்பும் பெண்கள், காவற்பணியாளர், பள்ளி மாணவர் எனப் பலருக்கும் தற்காப்புப் பயிற்சி தேவைப்படும் இடம் இது. அத்தேவைக்குக் கராத்தே, டேக்வாண்டோ ஆகியவற்றோடு சிலம்பமும் விடையாக முன்வைக்கப்படுகிறது. உடல்நலம் கருதித் தாய்ச்சி பழகுவோரும் நகர்ப்புறங்களில் இருக்கின்றனர்.

பழகுபவர் கேட்கும் முதல் வினா எளியது: ‘இந்த அசைவு எதற்கு?’ ஆசான் அதற்கு விடை சொல்ல இயலாத இடத்தில் வரிசை ஆட்டமாகிவிடுகிறது. விடையைச் சொல்வதற்கான சொற்கள் தமிழில் எவை, அவை எவ்வளவு எஞ்சியுள்ளன என்பதே இங்கு நமது அக்கறை.

வரிசை, வரசெ

குத்துவரிசை, அடிவரிசை, பிடிவரிசை என்பன தமிழில் வெறுங்கைப் பயிற்சிகளுக்கு வழங்கும் பெயர்கள். எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் கம்புப் பயிற்சி ‘தொண்ணெ வரசெ’ என்றும் வாட்பயிற்சி ‘கத்தி வரசெ’ என்றும் வழங்குகின்றன. தமிழ் வரிசையும் கன்னட வரசெயும் ஒரே திராவிடச் சொல்லின் இரு வடிவங்கள். கோடு, ஒழுங்கு எனப் பொருள்படும் ‘வரி’ இவற்றின் அடியாகலாம். ஒன்றன்பின் ஒன்றாக அமைவது என்பதே இரு மொழிகளிலும் அடிப்படைப் பொருள்.

இச்சொல் போர்க்கலைக்கு மட்டும் உரியதன்று. கருநாடக இசையில் தொடக்க மாணவர் பயில்வன சரளி வரிசை, ஜண்டை வரிசை முதலியன; அவற்றை அடுத்து வருவது அலங்காரம். இப்பாடமுறையை வகுத்தவர் 16ஆம் நூற்றாண்டுக் கன்னடப் பாவலர் புரந்தரதாசர் என்பது மரபு. சிலம்பத்திலும் அலங்காரச் சிலம்பம், போர்ச் சிலம்பம் என்னும் பாகுபாடு உண்டு. இசையில் வரிசை என்பது கச்சேரியன்று. குரலையும் விரலையும் பக்குவப்படுத்தும் பயிற்சி. சரளி வரிசையை மேடையில் பாடிப் பரிசு பெறுவோர் இலர். போர்க்கலையில் இன்று நிகழ்வதோ அதுதான் என்பதை இவ்விடத்திலேயே குறித்துக்கொள்ளலாம்.

வரிசைக்குத் தமிழில் மற்றொரு பொருளும் உண்டு. தகுதி, தகுதியறிந்து வழங்கும் சிறப்பு என்பது அது. சீர்வரிசை என்னும் வழக்கில் இன்றும் வாழ்கிறது. புறநானூற்று 121ஆம் பாட்டில் கபிலர், மலையமான் திருமுடிக்காரியிடம் வரிசை அறிந்து நோக்குமாறு வேண்டுவது இப்பொருளில்தான். ஒழுங்கு, தகுதி என்னும் இரு பொருள்களும் ஒரு சொல்லில் இணைந்திருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் ஆசான்கள் அடுத்த வரிசையைத் தகுதி பார்த்தே தருவர் என்னும் வழக்கத்தோடு அது நன்கு பொருந்துகிறது.

தெலுங்கில் நிலை வேறு. கம்புப் பயிற்சியை அம்மொழியினர் ‘கர்ர சாமு’ என்பர். சாமு என்பதைச் சிரமம் என்னும் வடசொல்லின் திரிபாக அகராதிகள் காட்டும். தமிழிலும் படைக்கலப் பயிற்சி சிரமம் என்றும், அது நிகழும் இடம் சிரமச்சாலை என்றும் பண்டு வழங்கின. பின்னாளில் தமிழில் இச்சொல்லின் போர்ப்பொருள் மறைந்து, துன்பப் பொருள் மட்டும் நிலைத்தது. பயிற்சிக்கூடத்தின் பெயரோ எல்லாரிடத்தும் ஒன்றே: தமிழில் கரடிக்கூடம், கன்னடத்தில் கரடி, கரடிமனெ, துளுவிலும் தெலுங்கிலும் அதன் வடிவங்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் முதலெழுத்து மெல்லொலியாக ஒலிக்கும். காட்டு விலங்கின் பெயரோடு இதனைக் குழப்பி ‘கரடியோடு மற்போர்’ என விளக்குவாரும் உளர். அது சொல்லொப்புமையால் வந்த மயக்கம்.

ஆக, கூடத்திற்குப் பொதுப்பெயர். தமிழும் கன்னடமும் பயிற்சியை ‘அடுக்கு’ என்று பார்க்கின்றன, தெலுங்கோ ‘உழைப்பு’ என்று பார்க்கிறது. பாராமகால் பகுதி 1792இலும், ஓசூரை உள்ளடக்கிய பாலாகாட் பகுதி 1799இலும் மைசூர் ஆட்சியிலிருந்து கும்பெனிக்குக் கைமாறும் வரை, இந்நிலம் கன்னட நாட்டு அரசியலோடு பிணைந்திருந்தது. எனவே இச்சொற்களில் எது எவரிடமிருந்து வந்தது என்று வழக்காடுவதைவிட, ஒரே களத்தில் மூன்று மொழிகளும் எதை எதைப் பெயரிட்டன என்று காண்பதே பயன்தரும்.

தாய்ச்சியில் உடலும் பயனும்

தாய்ச்சி இன்று உலகெங்கும் முதியோர் பூங்காக்களில் மெல்லச் செய்யும் உடற்பயிற்சியாக அறியப்படுகிறது. அதன் பிறப்பிடமாகக் கருதப்படுவது ஹெனான் மாநிலத்துச் சென் குடியினரின் சிற்றூர். காலம் 17ஆம் நூற்றாண்டு. முதல்வராகச் சுட்டப்பெறுபவர் படைத்தொழில் செய்த சென் வாங்திங். 19ஆம் நூற்றாண்டில் யாங் லூச்சான் அதனைக் கற்றுப் பீஜிங்குக்குக் கொண்டுசென்றார். 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை, பொதுமக்களுக்கென 24 அசைவுகள் கொண்ட சுருக்கத் தொடரை வகுத்தது. 2020இல் யுனெஸ்கோ இக்கலையை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளர்ச்சியின் ஊடே ஒரு கவலை தொடர்ந்து வருகிறது. யாங் லூச்சானின் பெயரர் யாங் செங்ஃபூ 1934இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ‘தி’, ‘யொங்’ என்னும் இரு சொற்கள் நிற்கின்றன. முன்னது உடல், உள்ளீடு. பின்னது பயன், செயற்பாடு. சீன மெய்யியலில் நெடுங்காலம் வழங்கிய இணைச்சொற்களைப் போர்க்கலைக்கு ஏற்றி, ஒவ்வோர் அசைவுக்கும் எதிராளி என்ன செய்தால் இதனால் என்ன செய்வது என்று அந்நூல் விளக்குகிறது. அசைவைக் கற்பவர் பெருகப் பெருக, பயன் அறிந்தோர் அருகியதே இத்தகைய நூலுக்குத் தேவையை உண்டாக்கியது என்று கருத இடமுண்டு.

ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம். ‘குருவி வாலைப் பற்றுதல்’ என்னும் அசைவுத் தொகுதியில் நான்கு செயல்கள் உள்ளன. பெங் என்பது முன்கையை வளைத்து உயர்த்தித் தாங்குவது. லூ என்பது இடுப்பைத் திருப்பி, எடையைப் பின்காலுக்கு மாற்றி, வரும் விசையை ஓரமாக ஈர்த்து விடுவது. ஜி என்பது இரு கைகளையும் சேர்த்து நெருக்குவது. ஆன் என்பது உள்ளங்கைகளால் தள்ளுவது. தனியாகச் செய்யும்போது இவை அலைபோல் வந்து போகும் அழகிய அசைவுகள். எதிரே ஒருவர் நின்றதும் பொருள் விளங்குகிறது. அவர் மார்பை நோக்கித் தள்ளுகிறார்; தாங்கிய கை அவர் விசையின் திசையை அறிகிறது. உடனே ஒரு கை அவர் மணிக்கட்டிலும், மற்றைக் கையின் முன்கை அவர் முழங்கைக்கு மேலும் படிய, இடுப்பு திரும்புகிறது. அவர் தம் விசையாலேயே முன்னோக்கிச் சாய்கிறார். விழாமலிருக்க அவர் பின்னிழுத்தால், அப்பின்னிழுப்போடு சேர்ந்து நெருக்குகிறோம். நெருக்கலை அவர் கீழே அழுத்தித் தடுத்தால், கைகளைப் பிரித்துத் தள்ளுகிறோம்.

இங்குக் கவனிக்கத்தக்கது வரிசைமுறை. இரண்டாவது செயலை அடுத்து மூன்றாவது வருவது அழகுக்காகவன்று. எதிராளி என்ன செய்வான் என்னும் எதிர்பார்ப்பே அவ்விடத்தில் மறைந்திருக்கிறது. அதனை வெளிக்கொணரவே ‘துய்ஷோ’ எனப்படும் கைதள்ளல் பயிற்சியில் இருவர் மணிக்கட்டுகளைத் தொட்டு நின்று இந்நான்கையும் சுழற்சியாகப் பழகுகின்றனர். அடிபடாமல், அதே சமயம் உண்மையான விசையோடு எதிராளியை அறியும் இடைநிலை அது. தனியாகப் பழகுவதிலிருந்து நேரே சண்டைக்குத் தாவுவோர் இழப்பது இந்த இடைநிலையைத்தான். பெயரில் வரும் குருவி வால், மென்மையாகப் பற்றுவதை நினைவூட்டும் உருவகம் மட்டுமே. பெயரிலிருந்து பயனை ஊகிக்க முயன்றால் வழி தவறும்.

சிலம்பத்தில் இதன் நிகர்

சிலம்பக் கம்பு ஏறத்தாழப் பழகுபவரின் நெற்றி உயரம் இருப்பது வழக்கம். வெட்டு, குத்து, வாரல் என்னும் தாக்குதற் பெயர்கள் எல்லாம் வினையடியாகப் பிறந்தவை. நாகதாளி, நாகசீறல், கள்ளன்கம்பு, பனையேறி மல்லு, துளுக்காணம், குறவஞ்சி, மறக்காணம் எனப் பாடங்களின் பெயர்கள் வேறொரு வகையின. தாய்ச்சியின் குருவி வால் போன்றே இவையும் நினைவுக் குறிகள். வெட்டும் வாரலும் பயனைச் சொல்கின்றன. நாகசீறல் தொடரைச் சொல்கிறது. சீன மரபில் ஒரே நூலின் தலைப்பில் சேர்ந்து நின்ற இரு கூறுகளைத் தமிழ் இருவகைப் பெயரீட்டில் வைத்திருக்கிறது எனலாம்.

இருவர் நின்று பழகும் தொடுமுறையில், கம்பால் எதிராளியின் உடலைத் தொடுவதே புள்ளி. வெறுங்கைப் பயிற்சியில் பூட்டும் பிரிவும் இணையாகவே கற்பிக்கப்படும். எதிராளியின் மூட்டைச் சிறைப்படுத்துவது பூட்டு, அதிலிருந்து விடுபடுவது பிரிவு. பிரிவைக் கல்லாதவனுக்குப் பூட்டைக் கற்பிப்பதில் பொருளில்லை என்பது வெளிப்படை. தென்தமிழக வர்ம மரபு படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 நிலைகளைக் கூறி, தாக்குதலோடு இளக்குமுறையையும் சேர்த்துக் கற்பிப்பதும் இவ்விணைச் சிந்தனையின் விரிவே.

வினைச்சொற்களின் மாற்றம் ஓர் அறிகுறி. சிலம்பம் ஆடினான், பழகினான், கம்பு சுற்றினான் என்னும் மூன்று வழக்குகளும் உண்டு. ஆடுதல் இருவருக்கும் பொது. பழகுதல் காலத்தைக் குறிப்பது. சுற்றுதல் ஒருவன் செயல். செய்தித்தாள்களிலும் விழாமேடைகளிலும் இன்று ஓங்கி ஒலிப்பது ‘சுற்றுதல்’. இத்தனை மணிநேரம் தொடர்ந்து கம்பு சுற்றிச் சாதனை என்பது இக்காலத்தின் விருப்பச் செய்தி. கம்பைச் சுற்றுவதால் மணிக்கட்டும் தோளும் நெகிழும், உண்மைதான். ஆனால் எதிரே கம்பு வராத இடத்தில் சுற்றுதல் எதையும் விலக்குவதில்லை.

தகடூரின் வேலும் பீலியும்

பயிற்சிக்கும் பயனுக்கும் இடையிலான இடைவெளியைத் தமிழில் முதன்முதல் கூர்மையாகக் கண்டவர், இந்நிலத்தோடு தொடர்புடைய புலவரே. கிருஷ்ணகிரிக்குத் தெற்கே தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் காட்டிய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது புறநானூற்று 95ஆம் பாட்டு. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மனையில் இருக்கின்றன. அஞ்சியின் வேல்களோ பகைவரைக் குத்திக் கங்கும் நுனியும் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வது போல் பழிக்கும் இப்பாட்டின் நயம் பலரும் அறிந்தது. பயன்பட்ட கருவியின் அடையாளம் சிதைவு என்னும் அதன் உட்கருத்து நம் பொருளுக்கு நெருக்கமானது.

அதே பீலி 232ஆம் பாட்டில் மீண்டும் வருகிறது. அங்கு அஞ்சி இறந்துவிட்டான். அவன் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் உகுக்கின்றனர். பயன்படாத வேலுக்கும், இனிப் போரிட இயலாத வீரனுக்கும் ஒரே அணி. ஔவையார் இவ்விரண்டையும் எண்ணி இணைத்தார் என்று நாம் வாதிட வேண்டியதில்லை. ஒரு பண்பாட்டில் அலங்காரம் எங்குத் தொடங்குகிறது என்பதை அவை காட்டுகின்றன.

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகள் நடுகற்களின் கருவூலம். தமிழ்நாடு அரசு தொல்பொருள் துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ இவ்வாய்வுக்கு வழி திறந்தது. ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் பட்ட வீரர்கள் வில்லும் குறுவாளும் ஏந்தி, ஒரு கால் முன்வைத்துப் பக்கவாட்டில் நிற்பதாகச் செதுக்கப்பட்டுள்ளனர். புலியோடு பொருது பட்டவர்களுக்கும் கற்கள் உண்டு. சிலம்பத்தின் தொன்மைக்கு இவற்றையே சான்றாகக் காட்டும் எழுத்துகள் பெருகியுள்ளன. அது ஏற்கத்தக்கதன்று. இக்கற்களில் மேலோங்கி நிற்பன வில், வாள், கேடயம், வேல் முதலியன; கம்பு அல்ல. கல்லில் நிற்பது வீரன் பட்ட வேளைக்குரிய கருவி. அவன் பழகிய கருவியைக் கல் சொல்வதில்லை.

இதற்குச் சீனத்திலிருந்து ஓர் ஒளி கிடைக்கிறது. 16ஆம் நூற்றாண்டுப் படைத்தலைவர் சி ஜிகுவாங் தம் படைப்பயிற்சி நூலில், வெறுங்கைப் போர் பெரும்போரில் அவ்வளவாகப் பயன்படாது, ஆயினும் உடலையும் கைகால்களையும் பழக்குவதால் கலையின் நுழைவாயிலாகும் என்ற கருத்தைக் கூறுகிறார். அவர் காலத்தவரான யூ தாயோ எழுதிய ‘வாள் நூல்’ பெயரளவில் வாளுக்குரியது. உள்ளே பேசப்படுவது கம்பு. கம்பு பிற படைக்கலங்களுக்குத் தாயாகக் கருதப்பட்டதால் இம்முரண் அங்கு முரணாகத் தோன்றவில்லை. இந்நிலத்திலும் கம்பு பயிற்சிக்கும், வாள் களத்திற்கும் உரியனவாக இருந்திருப்பின், நடுகல்லில் கம்பு இல்லாமை சிலம்பத்திற்கு எதிரான சான்றும் ஆகாது.

நடுகல்லில் இல்லாத ‘பயன்’ பாட்டில் இருக்கிறது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் பாடிய 80ஆம் புறப்பாட்டில், ஒரு கால் மல்லனின் மார்பில் பதிய, மற்றொரு கால் அவன் செயலைத் தடுத்துப் பின்னே ஒதுங்குகிறது. எதிராளியின் எதிர்ச்செயலையும் சேர்த்துச் சொல்லும் இவ்வடிகள் பூட்டையும் பிரிவையும் ஒருங்கே காட்டும் பழந்தமிழ்ப் பதிவாகும்.

கூற்றும் கேட்போரும்

சிலம்பம் இப்போது அரசின் ஏற்பைப் பெற்றுள்ளது. அரசுப் பணிக்கான 3 விழுக்காட்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் அது இடம்பெற்றது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கது, அதன் விளைவுகளையும் காண வேண்டும். தனிச்சுற்றுக்கு மதிப்பெண் இடுவது நடுவருக்கு எளிது. வேகம், நேர்த்தி, தவறாமை ஆகியவற்றை அளக்கலாம். எதிராளியை அறியும் திறனை அவ்வாறு அளப்பது கடினம். எனவே அளக்கத்தக்கதே கற்பிக்கத்தக்கதாகிறது. சீனத்தில் 1956க்குப்பின் நிகழ்ந்ததும் ஏறத்தாழ இதுவே. ஆனால் அவர்களிடம் பயனை விளக்கும் நூல்கள் முன்னரே இருந்தன. தமிழில் ஒரு தலைமுறை ஆசான்கள் மறைந்தால், நாகசீறல் என்னும் பெயர் எஞ்சும். அதன் மூன்றாம் அடி எதற்கு என்பது எஞ்சாது.

ஆவணப்படுத்துவோர் இதுவரை பெயர்ப்பட்டியலும் ஒளிப்படமும் தொகுப்பதோடு நின்றுள்ளனர். அசைவை மட்டும் பதியும் காணொலியும் தனிச்சுற்றையே நிலைநிறுத்தும். இங்குத் தொல்காப்பியச் செய்யுளியல் வகுத்த உறுப்புகள் கைகொடுக்கும். அகப்பாட்டு ஒருவர் கூற்றாக அமைகிறது, கேட்பவர் பேசுவதில்லை. ஆயினும் கேட்போர் யார் என்று அறியாமல் கூற்றின் பொருளை அறிய இயலாது. தோழி கேட்பச் சொன்னதும், சிறைப்புறத்தே நிற்கும் தலைவன் கேட்கச் சொன்னதும் வேறு வேறு. வரிசையும் அத்தகைய ஒருவர் கூற்றே. அதில் பேசாது நிற்கும் எதிராளிதான் கேட்போர். களன், காலம், பயன், எச்சம் என்னும் உறுப்புகளையும் சேர்த்தால், ஓர் அசைவை முழுமையாகப் பதிய வேண்டிய இடங்கள் அனைத்தும் கிடைத்துவிடுகின்றன.

சான்றாக, வாரல் என்னும் சொல்லை இவ்வாறு பதியலாம். கூற்று: முன்கால் வைத்துக் கம்பின் நுனியைக் கீழிருந்து மேலாக அள்ளுவதுபோல் வீசுதல். கேட்போர்: மேலிருந்து வெட்ட ஓங்கி, கால்பகுதியைக் காவாது நிற்பவர். களன்: கம்பு முழுதும் திரும்ப இடமுள்ள வெளி, பேருந்திலும் தொழிற்சாலை நடைவழியிலும் இது பொருந்தாது. காலம்: எதிர்க்கம்பு உச்சியை அடைந்து இறங்கத் தொடங்கும் முன். பயன்: முழங்காலையோ மணிக்கட்டையோ தொடுதல். எச்சம்: எதிராளி காலை இழுத்துக்கொண்டால் கம்பு மேலே சென்று நிற்கும், அந்நிலையிலிருந்து பிறப்பதே அடுத்த வெட்டு. எச்சத்தை எழுதும்போதுதான் வரிசையில் அடுத்த அசைவு ஏன் அங்கு இருக்கிறது என்பது ஆசானுக்கும் மாணவருக்கும் ஒருசேரத் தெரியவரும்.

ஓசூர்ப் பகுதியில் இப்பதிவை ஒரு மொழியில் மட்டும் செய்வது போதாது. ஒரே களத்தில் பழகும் மூவர் ஒரே அசைவை மூன்று சொற்களால் சுட்டுவது இங்கு இயல்பு. வரிசை, வரசெ, சாமு ஆகிய தலைப்புகளின்கீழ் ஒரே ‘கேட்போர்’ நிரலைத் தமிழ், கன்னடம், தெலுங்கு வழக்குகளில் அடுத்தடுத்து எழுதினால், எச்சொல் எதனைச் சுட்டாமல் விட்டிருக்கிறது என்பது ஒப்பிட்ட அளவில் புலப்படும். அப்பணியை முதலில் பெயர்களிலிருந்தன்றி, பூட்டும் பிரிவும் போன்ற இருவர் பயிற்சிகளிலிருந்து தொடங்குவது நன்று. ஏனெனில் அங்குதான் கேட்போர் கண்முன் நிற்கிறார்.